படத்தில் உள்ள மற்றவை சேராது

ராஜாபோலாவில் தாழையோலைப் பை விற்கும் இமாஸ் வீட்டுக் கிழக்குச் சன்னலின் காலை வெளிச்சம், போன வருடம் எண்பத்தைந்தாயிரம் ரூபியா பையொன்றோடு கடல் தாண்டி பஞ்சார்மாசினுக்குப் போய்விட்டது. வாங்கியவள் மஸ்னியா, அங்கே ஆற்றங்கரையில் சலவைக்கடை வைத்திருக்கும் விதவை. ஐந்து நட்சத்திரம் போட்டு, 'பை படத்தில் உள்ளபடியே இருக்கிறது, கூட வந்த வெயிலில் மழைநாளிலும் துணி காய்கிறது, நன்றி அக்கா' என்று எழுதியிருந்தாள். அன்றிலிருந்து இமாஸ் வீட்டில் காலை ஏழிலிருந்து ஒன்பது மணிவரை அந்தச் சன்னல் மட்டும் கிணறு மாதிரி இருண்டு கிடந்தது.

குற்றம் இமாஸுடையதுதான். பையை மட்டும் தனியே படம் எடுத்தால் மொட்டையாக இருக்கும் என்று அங்கே ஆன்லைனில் விற்பவர்கள் பக்கத்தில் பூச்சாடி, காபிக் கோப்பை என்று எதையாவது வைப்பார்கள். கீழே மறக்காமல் 'படத்தில் உள்ள மற்றவை சேராது' என்று ஒரு வரி எழுதுவார்கள். எழுதாவிட்டால் மற்ற கடைகளில் வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள். இமாஸ் கடையில் பக்கத்தில் வைத்த பொருளே பையோடு போய்விடும். அப்படித்தான் ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜி மேடானுக்குச் சூடு ஆறாமல் போய்ச் சேர்ந்தது. பாடாங்குக்குப் போன பையின் படத்தில் பூனையின் வால் நுனி மட்டும்தான் விழுந்திருந்தது, ஆனாலும் முழுப் பூனையும் போயிற்று. கை ஆடி எடுத்த படம் என்பதால் பூனை அங்கே மங்கலாகவே போய் இறங்கியது. முகம் எங்கே முடிகிறதென்று தெரியவில்லை, மீன் எங்கே வைப்பது என்று வாங்கியவர் கேட்டிருந்தார். ஏன் அவள் கடையில் மட்டும் இப்படி என்று யாரும் ஆராயவில்லை. வரியை எழுதினால் சரியாகிறது, பிறகென்ன.

வெளிச்சம் போன பிறகு படமெடுப்பது கொல்லைப்புறம் என்றானது. இமாஸின் கணவன் சொபந்தி வெள்ளைத் தெர்மாகோல் பலகையைப் பிடித்துப் பையின் மேல் வெயிலைத் திருப்பிவிடுவான். மினிபஸ் ஓட்டிப் பழகிய கை, ஒரு மணி நேரமானாலும் ஆடாது.

"என்னங்க, தள்ளி நில்லுங்க. படத்துல விழுறீங்க."

"விழுந்தா என்ன, என்னையும் சேத்து வித்துடு. நல்ல விலைக்குப் போவேன்."

"உங்களையா? சும்மா குடுத்தாலும் மறுநாளே திருப்பி அனுப்பிடுவாங்க."

பத்தொன்பது வருடமாக அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் வைத்த பிரியம் இந்த மாதிரிப் பேச்சில்தான் இருந்தது.

டிசம்பர் பன்னிரண்டு, மாதமும் தேதியும் ஒன்றாக வரும் தள்ளுபடி நாள். நாற்பது படங்களை அவசரத்தில் ஏற்றும்போது ஒன்றில் அந்த வரி விட்டுப்போயிற்று. அந்தப் படத்தில் பலகையின் ஓரமாகச் சொபந்தியின் நான்கு விரல்கள் தெரிந்தன. வாங்கியது அதே மஸ்னியா. பொட்டலத்தில் இமாஸ் முகவரிச் சீட்டை ஒட்டிய நொடியில் கொல்லையில் பலகை தொப்பென்று விழுந்தது. அவன் குடித்து மீதி வைத்த காபி இன்னும் சுட்டது.

மூன்றாம் நாள் அவனே கூப்பிட்டான். "சுரபாயா கிட்டங்கில ஒரு மிக்சி மேல உக்காந்திருக்கேன் புள்ள. பையோட சேத்து எடை போட்டுட்டாங்க."

ஐந்தாம் நாள் மஸ்னியா கூப்பிட்டாள். "அக்கா, உங்க வீட்டுக்காரர் பத்திரமா வந்துட்டார். பைதான் ஒரு பக்கம் நசுங்கிருக்கு."

"பை கிடக்கட்டும். அவரைத் திருப்பி அனுப்பிடு மஸ்னியா."

"எப்படிக்கா? பிரிக்கும்போது நான் வீடியோ எடுக்கலையே. வீடியோ இல்லன்னா ரிட்டர்ன் கிடையாதாம்."

அதுவும் உண்மைதான். சொபந்தி தானாகவே கிளம்பி மூன்று முறை துறைமுகம்வரை போனான். மூன்று முறையும் அவன் கால்கள் சீட்டிலிருந்த முகவரிக்கே திரும்பி நடந்தன. இமாஸ் அழுதாள். காலையில் பழக்கதோஷத்தில் "தள்ளி நில்லுங்க" என்று காலிக் கொல்லையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அதற்கும் சேர்த்து அழுதாள்.

பிறகு வழியைக் கண்டுபிடித்தது அவளேதான். மஸ்னியா ஒரு கடை திறக்க வேண்டும். பழைய தட்டு ஒன்றைச் சொபந்தி கையில் கொடுத்துப் படமெடுத்து, அந்த வரியை எழுதாமல் விற்பனைக்குப் போட வேண்டும். இமாஸ் தட்டை வாங்கிக்கொள்வாள். ஆனால் படம் நன்றாக இருக்க வேண்டும். பூனையின் கதி தெரியுமே.

முதல் படத்தில் பாதிக்கு மஸ்னியாவின் கட்டைவிரல். மீதியில் சொபந்தி ஒரு கறையாக இருந்தான். "இதை வாங்குனா எனக்கு வர்றது புருஷன் இல்ல, புகை. லென்ஸைத் துடை. பின்னாடி வெள்ளை விரிப்பு கட்டு. முழங்கையை விலாவோட ஒட்டி வச்சுக்கோ" என்றாள் இமாஸ். இரண்டாவது படம் உச்சிவெயிலில் எடுத்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழிகள். வாரம் ஒன்று ஓடிவிட்டது.

"எங்க வீட்டு வெயில் அங்க எத்தனை மணிக்கு உள்ள வருது?"

"ஏழு மணிக்குக்கா. இந்த ஊர்க் கடிகாரப்படி."

"அதுல எடு."

மறுநாள் வந்த படத்தில் சொபந்தியின் மீசை ஒவ்வொரு முடியாகத் தெரிந்தது. சட்டைப் பித்தானில் விட்டிருந்த நூல்கூடத் தெரிந்தது. மனாடோவிலிருந்து யாரோ தட்டை வாங்க ஆன்லைன் கூடையில் போட்டுவிட்டார்கள். இமாஸ் நான்கு நொடி முன்னால் பணத்தைக் கட்டினாள். பதினைந்தாயிரம் ரூபியா.

"ஒண்ணு சொல்லட்டுமாக்கா," என்றாள் மஸ்னியா. "தண்ணி மோட்டாரைச் சரி பண்ணிட்டார். கதவுக் கீலையும். சாப்பிடறப்ப பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இருந்துச்சு."

"தெரியும்டி. முதல் ரெண்டு படத்தை அவ்வளவு மோசமா யாரும் தெரியாம எடுக்க முடியாது."

ஆறாம் நாள் சொபந்தி வந்து இறங்கினான். பின்னால் கட்டியிருந்த விரிப்பும் வந்தது. படத்தில் இருந்ததால் வெளிச்சமும் வந்துவிட்டது. பஞ்சார்மாசின் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தியது. அந்தப் பழக்கத்தில் வெளிச்சம் இப்போது கிழக்குச் சன்னலில் ஆறு மணிக்கே வந்து நிற்கிறது. சொபந்தியும் ஒரு மணி நேரம் முன்னால் எழுந்துவிடுகிறான்.

விரிப்பைத் தேய்த்துத் திருப்பி அனுப்பினாள் இமாஸ். மறுவாரம் அந்த இரண்டு மணி நேர வெளிச்சத்தில் ஏழுக்கு மேல் வரும் பிந்திய ஒரு மணி நேரத்தில் சின்னப் பையொன்றை வைத்துப் படமெடுத்தாள். நான்கு ஓரங்களையும் பெரிதாக்கிப் பார்த்தாள். சொபந்தியைத் தெருவுக்கே அனுப்பியிருந்தாள். கீழே எழுத வேண்டிய வரியை எழுதவில்லை. மஸ்னியாவிடம் சொல்லி வாங்க வைத்தாள்.

ஏழு மணிக்குச் சன்னல் இருண்டதும் சொபந்தி போய் விளக்கைப் போடுகிறான்.