பந்தியில் போட்ட ஒப்புதல்

"டிஸ்க் நெறஞ்சா என்னாகும்னு யோசிக்கவே இல்லீங்களா தம்பி, ஒரு வார்த்தை..."

"யோசிச்சேனுங்க சார், அந்த எடத்துல மட்டும்தான்..."

"யோசிச்சிருந்தா மில்லு கேட்டுல நாப்பது பேரு எதுக்குங்க நிக்கறாங்க?"

பீளமேட்டு ஆபீஸின் கண்ணாடி அறையில் மேனேஜர் நஞ்சுண்டனும் அனீஸும் ஒருவர் பேச்சை ஒருவர் மறித்துக்கொண்டிருந்தார்கள். நஞ்சுண்டனுக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். அனீஸின் நிரலைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்த ரித்திகா எதிரே உட்கார்ந்திருந்தாள்.

அவர்கள் செய்வது டேட்டாபேஸ் மென்பொருள். பட்டியல் பெரிதாகி மெமரியில் கொள்ளாமல் போனால், அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒரு தற்காலிக ஃபைலில் கொட்டி வைக்கும். அந்தக் கொட்டுகிற பகுதியைத்தான் அனீஸ் மாற்றி எழுதியிருந்தான். டிஸ்கில் இடமில்லாமல் பாதிதான் எழுத முடிந்தபோதும், எல்லாம் எழுதியாயிற்று என்று புது நிரல் பாட்டுக்கு மேலே போய்விட்டது. கருமத்தம்பட்டிப் பக்கம் அந்த மென்பொருளை வைத்திருந்த ஒரு மில்லில் காலை ஷிஃப்ட் பட்டியலில் நாற்பது பெயர்கள் இல்லை. பெயர் இல்லாதவர்களை வாட்ச்மேன் உள்ளே விடவில்லை.

அனீஸ் இனி இந்த டீமில் வேண்டாம் என்றார் நஞ்சுண்டன். ரித்திகா அம்மணி கண்ணுக்கே தப்பிய பிழை என்றால், எழுதியவன் எவ்வளவு அசட்டையாக எழுதியிருப்பான் என்றும் சொன்னார்.

ரித்திகாவின் பார்வை மேசையில் கவிழ்ந்து கிடந்த அனீஸின் போனை விட்டு நகரவில்லை. உள்ளே அவன் அனுப்பிய செய்தி இருந்தது: கொட்டுற எடத்துல எனக்கே சந்தேகமா இருக்குதுங்க்கா, அத மட்டும் பாத்துருங்க. அது வந்தபோது அவள் பவானியில், சித்தப்பா மகள் கல்யாணப் பந்தியில் இருந்தாள். வலக்கையில் ரசஞ்சோறு. இடக்கைக் கட்டைவிரலால் போனைத் தள்ளிப் பார்த்தாள். அவன் எழுதிய நிரல் ஃபைல் பெரியது என்பதால் திரையில் மடிந்தே வந்தது. விரிக்க இன்னொரு தடவை தொட வேண்டும். அதற்குள் பாயசம் வந்துவிட்டது. ஒப்புதலைத் தொட்டாள். போதாததற்கு, 'சூப்பரா எழுதியிருக்கே' என்று பதிலும் போட்டாள்.

போனைத் திருப்பிக் காட்டினால் அனீஸ் தப்பித்துவிடலாம். அவன் அதைத் தொடவில்லை.

"தப்பு என்னுதுதானுங்க சார்" என்றான்.

அவன் காட்டிக் கொடுத்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கூசியிருக்காது.

"இல்லீங்க" என்றாள். "அந்த ஃபைல நான் தொறக்கவே இல்லீங்க. அனீஸ் பாருங்கன்னு சொல்லியும், பந்தியில உக்காந்துட்டு, சோத்துக் கையோட சரின்னு போட்டுப்போட்டேன்."

நஞ்சுண்டன் கண்ணாடியைக் கழற்றினார். அவளைப் பார்க்காமல், அனீஸ் டீமிலேயே இருக்கட்டும் என்று சுவரிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, மில்லுக்குப் பேச வெளியே போனார்.

அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அனீஸ் போனை எடுத்து, அவள் இதுவரை அனுப்பியிருந்த பாராட்டுகளையெல்லாம் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனான். இவற்றை அவன் தன் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவான் என்று அவளுக்குத் தெரியும்.

"ரெண்டு வருசமா நல்லா எழுதறே, நல்லா எழுதறேன்னு போட்டீங்களேக்கா, அதுல எதையாச்சும் படிச்சுட்டுத்தான் போட்டீங்களா?"