புர்க்கார்ட் சுமந்த கல்

குன்றில் திராட்சைக்கொடி செத்து மூன்று தலைமுறை ஆகிறது. அடுக்கடுக்கான கல்சுவர்கள் மட்டும் மிச்சம். ஒன்றுக்கும் உதவாத அந்த மண்ணுக்காகச் சுற்றியுள்ள மூன்று ஊர்க்காரர்களும் இன்னும் முறைத்துக்கொள்வார்கள். அங்கே எல்லைக்கல்லை நகர்த்தியவன் செத்த பிறகும் அதைச் சுமந்து அலைவான். எங்கே வைப்பது என்று எதிர்ப்பட்டவர்களிடம் கேட்பான். எடுத்த இடத்தில் வை என்று யாராவது சொன்னால்தான் அவனுக்கு விடுதலை. ரெகினாவுக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

காரணம், சுமந்தவன் அவள் புருஷன் புர்க்கார்ட். கல்யாணமான புதிதில், பக்கத்து நிலத்துக்காரன் லோரன்ஸின் பீச் பழமரத்துக்கு அவள் ஆசைப்பட்டாள். மனுஷன் எல்லைக்கல்லைப் பெயர்த்து மரத்துக்கு அந்தப் பக்கம் நட்டுவிட்டான். ஆசைப்பட்டது இவள், சுமந்தது அவன். என்ன நியாயமோ.

அவனைப் புதைத்த சில வாரங்களில், மூடுபனி இறங்கிய ஒரு சாயங்காலம், குன்றேறியவளுக்கு மேலடுக்கில் மூச்சிரைப்பு கேட்டது.

"ரெகி, இதை எங்கடி வெக்கிறது?"

அவள் பயப்படவில்லை. குரல் கேட்டதே போதுமென்று சுவரில் உட்கார்ந்தாள்.

"வந்ததும் வராததுமா கேள்வியா? லோரன்ஸுக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சு, தெரியுமா?"

"நல்லா வேணும் அவனுக்கு," என்று பனிக்குள் சிரித்தான்.

அப்புறம் பனி இறங்கிய மாலையெல்லாம் குன்றேறினாள். ஊர்க்கதை பேசினாள். பதிலை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். சொன்னால் போய்விடுவானே. பாவி, தன் நெஞ்சு ஆற அவன் தோளை ஒடித்தாள்.

அடுத்த பனிக்காலத்தில் அவன் சிரிப்பு நின்றது. லோரன்ஸ் யார் என்று கேட்டான். ஒருநாள் அந்த மூச்சு அவள் எதிரிலேயே வந்து நின்றது.

"அம்மா, இதை எங்க வெக்கிறதுங்க? ரொம்ப கனமா இருக்கு."

"நான்தான்ப்பா, ரெகி."

"மன்னிச்சிடுங்கம்மா. யாருன்னு தெரியல."

இத்தனை நாள் யாரைப் பிடித்து வைத்திருந்தாள்?

"எடுத்த எடத்துலயே வெச்சிடுங்கய்யா," என்றாள். முன்பின் தெரியாதவரிடம் பேசுவதுபோலத்தான் அதை அவளால் சொல்ல முடிந்தது.

கீழடுக்கில் கல் மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு எதுவுமில்லை.

ஆகஸ்டில் லோரன்ஸ் நொண்டி நொண்டி ஒரு கூடை பீச் பழத்துடன் வந்தான்.

"கல்லு பழைய எடத்துக்கே வந்திருக்கு. யாரு வெச்சாங்கன்னு நான் கேக்கல. சாப்பிடு."

அன்று மாலை ரெகினா ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு குன்றேறினாள். சுவரில் உட்கார்ந்து கடித்தாள். ஒரே புளிப்பு.

"இதுக்கா தூக்கின, மடையா," என்றாள்.

வெகுநேரம் காத்திருந்தாள். மேலடுக்கில் சத்தமே இல்லை.