இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு

1

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. 1968இல் வந்த ஓர் ஆங்கில றொக் இசைத்தட்டு, அண்மையில் றீமாஸ்ரர் செய்யப்பட்டு மறுபடியும் வெளியானது. அதைக் கேட்டுத் தலைகால் தெரியாமல் ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். (இசைத்தட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இதை மூடிவைத்துவிட்டு அதைக் கேட்கப் போய்விடுவீர்கள்.) கட்டுரையின் முதல் வரி: "அரை நூற்றாண்டுத் தூசியை உதறிக்கொண்டு ஒரு தலைமுறையின் குரல் மீண்டும்–" அதற்குமேல் எழுத எனக்கே கூச்சமாக இருந்தது.

அடுத்த நாள், யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறை போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் இருந்தார். மடியில் ஒரு பை கத்தரிக்காய், காதில் பெரிய ஹெட்போன். பண்ணைப் பாலத்தில் பஸ் ஏறியபோது கத்தரிக்காய்ப் பையில் தாளம் போடத் தொடங்கினார். வேலணை தாண்டியும் நிறுத்தவில்லை. அப்படி என்னதான் கேட்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். போன் திரையில் நான் கட்டுரை எழுத முயன்ற அதே இசைத்தட்டின் அட்டை.

நான் பார்த்ததைக் கண்டதும் அவர் போனைக் கவிழ்த்துவைத்தார்.

இவ்வளவு நல்ல பாட்டை ஒரு மனிதர் ஏன் ஒளித்துக் கேட்கவேண்டும்? அந்தக் கேள்வி மட்டும்தான் பஸ்ஸில் கிடைத்தது. இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "கடல் அன்று அமைதியாக இருந்தது." (அடித்துவிட்டேன். தீவுப்பகுதிக் கதைகளில் கடல் ஒன்றில் அமைதியாக இருக்கும், இல்லையேல் சீறும். அதற்கும் அலுத்திருக்கும்.)

இரண்டாம் தொடக்கம்: "புங்குடுதீவு ஆழ்வாப்பிள்ளை ஹெட்போனைக் கழற்றி–" (ஆழ்வாப்பிள்ளையை இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். வாயைத் திறந்தால் காணிக் கதை, மூடினால் கொட்டாவி. பாட்டுக்கு வளையவில்லை. மரியாதையாக அனுப்பிவைத்தேன்.)

மூன்றாவதுதான் நின்றது:

ஊர்காவற்றுறை அன்ரனிதாஸுக்கு எழுபத்தொரு வயது. முப்பத்தைந்து வருடம் வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்தினார். ஐம்பது வருடமாக மாதா கோயில் பாடகர் குழாமில் ஆர்மோனியம் வாசிக்கிறார். மாதா திருநாளன்று பூசை முடிவில் பாடப்படும் கீதம் அவர் இருபத்தொரு வயதில் மெட்டுப் போட்டது. அது இல்லாமல் அந்த ஊரில் திருநாள் இல்லை. ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கிற ஊர்ச்சனமும் அதைத்தான் பாடுகிறது. வருகிற ஞாயிறு திருநாள். கீதத்துக்கு ஐம்பது வயது. அன்ரனிதாஸுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள்.

ஒரே ஒரு சிக்கல். அந்த மெட்டு அவருடையது அல்ல. அது அந்த ஆங்கில இசைத்தட்டின் இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு.

3

நடந்தது இதுதான். (அதாவது, நடந்ததாக நான் முடிவு செய்தது இதுதான்.)

1972இல், கப்பலில் வேலை செய்த லியோன் லீவில் வந்தபோது ஒரு றெக்கோட் பிளேயரும் அந்த ஒற்றை இசைத்தட்டும் கொண்டுவந்தான். வீட்டில் மின்சாரம் இல்லை. கார் பற்றறியில் கொழுவினார்கள். பற்றறி நோஞ்சான், தட்டு மெல்லச் சுற்றியது. லண்டனில் துள்ளிக் குதித்த பாட்டு ஊர்காவற்றுறையில் ஆற அமர நடந்து வந்தது. நாலு வெள்ளைக்காரப் பெடியள் நாலு குருவானவர்களின் குரலில் பாடினார்கள். பத்தொன்பது வயது அன்ரனிதாஸ் இரண்டு மாதம் பின்னேரங்களில் போயிருந்து கேட்டார். பிறகு லியோன் பெட்டியையும் தட்டையும் கட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டான்.*

இரண்டு வருடம் கழித்து, திருநாளுக்கு ஒரு புதுப்பாட்டு வேண்டும் என்றார் அப்போதைய பங்குச் சுவாமி. அன்ரனிதாஸ் மனதுக்குள் கிடந்த மெட்டை எடுத்துத் தமிழ்ச் சொல் வைத்தார். பாடி முடிந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் நினைத்திருந்தார். அதற்குள் சுவாமி மைக்கைப் பிடித்து, "எங்கடை அன்ரனிதாஸ் தானே இயற்றி மெட்டமைத்த கீதம்" என்று அறிவித்துவிட்டார். அன்ரனிதாஸ் நிமிர்ந்து பார்த்தபோது, பாடகர் குழாமின் முன்வரிசையில் நின்ற மேரிறோஸ் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டார். அடுத்த வருடம் இருவருக்கும் கலியாணம்.

ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஐம்பது வருடம் பொய்யராக வாழ்ந்த மனிதர். எனக்கு இவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

(* லியோன் இனி இந்தக் கதைக்குள் வரமாட்டான். எங்கோ ஒரு துறைமுக நகரத்தில் பேரப்பிள்ளைகளோடு நலமாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.)

4

மூன்று கிழமைக்கு முன், ரொறன்ரோவிலிருந்து மகன் டிலோன் ஒரு ஹெட்போன் அனுப்பினான். பாட்டுக் கேட்கும் செயலியை எப்படிப் பாவிப்பது என்றும் போனில் சொல்லிக்கொடுத்தான். "என்ன பாட்டு வேணும் அப்பா?" என்று கேட்டான். அன்ரனிதாஸ் நினைத்தும் பார்க்காமல் அந்த ஆங்கிலப் பெயரைச் சொன்னார். சொன்ன பிறகுதான் திடுக்கிட்டார்.

இங்கே என் கட்டுரையிலிருந்து கொஞ்சம் களவெடுக்கிறேன். றீமாஸ்ரர் என்பது புதிதாகப் பாடுவது அல்ல. பழைய ஒலிநாடாவைத் தேடியெடுத்து, அழுக்குப் போக்கி, அதில் முன்பே இருந்த ஒலிகளை ஒவ்வொன்றாக வெளியே வரச்செய்வது. அன்ரனிதாஸ் முதல் பாட்டிலேயே பேஸ் கிற்றாரைக் கேட்டார். லியோனின் பெட்டியில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. பாடுபவன் மூச்சு இழுப்பதைக் கேட்டார். யாரோ கதிரையை இழுத்ததையும் கேட்டார். இவ்வளவு காலமும் வேலி ஓட்டையால் பார்த்த வளவுக்குள் இப்போதுதான் படலை திறந்து நுழைந்திருந்தார். சந்தோசத்தில் கண் கலங்கியது. யாரையாவது கூப்பிட்டு, "இதைக் கேளுங்கோ, இந்த இடத்தைக் கேளுங்கோ" என்று சொல்லவேண்டும்போல் இருந்தது.

சொல்ல முடியாது. அதுதான் அவருடைய துன்பம். சத்தமாகப் போட்டால் இரண்டாம் பக்கம் மூன்றாம் பாட்டு தெருவுக்குக் கேட்கும். தெருவில் இருப்பதெல்லாம் பாடகர் குழாம். அதனால் மூன்று கிழமையாகத் தனியே கேட்டார், தனியே சிரித்தார், கத்தரிக்காய் வாங்கப் போகும்போதும் கேட்டார்.

இன்னொன்றும் அவரைப் போட்டு வாட்டியது. கீதத்தின் கடைசி அடியில், "கரை சேர்ப்பாய் தாயே" என்ற இடத்தில், மெட்டு படிப்படியாக மேலே ஏறும். கோயிலில் எல்லோரும் கண்ணை மூடும் இடம் அது. றீமாஸ்ரரில் அந்த ஏற்றம் இல்லை. பாட்டு ஏறவேண்டிய இடத்தில் சப்பென்று இறங்கி முடிந்துவிட்டது. திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை.

அன்ரனிதாஸுக்குக் கோபம் வந்தது. அழுக்கை எடுக்கச் சொன்னால் பாட்டின் உயிரையே எடுத்துவிட்டார்களே என்று லண்டன்காரர்களை மனதுக்குள் திட்டித் தீர்த்தார். களவெடுத்த சாமானைக் கடைக்காரன் கெடுத்துவிட்டான் என்று கள்ளன் கோபிப்பதை நான் இப்போதுதான் முதன்முதலாக எழுதுகிறேன்.

5

"மேரிறோசுக்கு ஒன்றுமே தெரியாது. அவள் அடுப்படியில்–"

(நிறுத்திவிட்டேன். ஐம்பது வருடம் முதற்குரல் பாடியவளுக்குக் காது இல்லையா? ஒரு நாள் முழுக்க இந்த வசனத்தோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் அவளே குசினிக்குள்ளிருந்து பேசத் தொடங்கினாள்.)

"இஞ்சேருங்கோ, மூண்டு கிழமையா உதைக் காதிலை கொழுவிக்கொண்டு திரியிறியள். கூப்பிட்டாலும் கேக்கிறேல்லை. அப்பிடி என்ன கிடக்கு உதுக்குள்ளை?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததுக்கே நேற்றுக் கண்ணைத் துடைச்சனீங்கள்?"

அன்ரனிதாஸ் தோற்றுப்போனார். பயத்தைவிட, தனியே கேட்ட அலுப்புத்தான் அவரைத் தோற்கடித்தது. ஹெட்போனைக் கழற்றி, போனை மேசையில் வைத்து, அந்தப் பாட்டையே போட்டார். மேரிறோஸ் புட்டுக்கு மா குழைத்தபடி கடைசிவரை கேட்டாள்.

"நல்லாத்தானே இருக்கு. மாக் குழைக்கத் தோதான பாட்டு."

அவள் கண்டுபிடிக்கவில்லை. வேகம் காப்பாற்றிவிட்டது.

(இங்கேயே கதையை முடிக்கலாம். களவு தப்பியது, பொன்னாடை வந்தது, சுபம். இந்த முடிவை எழுதி இரண்டு மணித்தியாலம் சந்தோசமாக இருந்தேன். ஆனால் அன்ரனிதாஸின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு ரோசம் வந்திருந்தது.)

"மேரி, உமக்கு ஒண்டும் விளங்கேல்லையே?"

"என்ன விளங்க?"

அவர் போனில் பாட்டின் வேகத்தைக் குறைத்தார். குரல்கள் குருவானவர்களாகவில்லை, ஆனால் நடை அந்த நாளைய நடை. மாவுக்குள் மேரிறோசின் கை நின்றது. கொஞ்ச நேரத்தில், தன்னை அறியாமலே, தமிழ்ச் சொற்களை வைத்து மெல்லப் பாடத் தொடங்கினாள். முதலடி பொருந்தியது. இரண்டாமடியும் பொருந்தியது. கடைசி அடியில் அவள் மேலே ஏறினாள், பாட்டு கீழே இறங்கியது.

"அப்ப உது உங்கடை பாட்டில்லை."

"இல்லை."

"என்னட்டையும் சொல்லேல்லை."

"நீர் திரும்பிப் பாத்தனீர். அதுக்குப் பிறகு எனக்குச் சொல்ல ஏலாமல் போச்சுது."

மேரிறோஸ் கையைக் கழுவித் துடைத்தாள். அவளுக்கு நொந்திருந்தது. கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுளகை எடுத்து ஆணியில் மாட்டினாள். பிறகு, பாட்டுக்காரி அல்லவா, பாட்டுக்கே திரும்பி வந்தாள்.

"கடைசியிலை ஏன் உவங்கள் ஏறேல்லை?"

"வெட்டிப்போட்டாங்கள். புதுசாக்கிறம் எண்டு நல்ல இடத்தை வெட்டி எறிஞ்சுபோட்டாங்கள்."

"பழசிலை இருந்ததோ?"

"இல்லாமல் நான் எங்கையிருந்து எடுத்தனான்?"

"டிலோனிட்டைக் கேப்பம்."

6

டிலோன் இரண்டு நாள் தேடினான். அந்தக் காலத்துத் தட்டை அப்படியே, கரகரப்போடு, யாரோ இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அவனுடைய குரல்பதிவு வந்தது. இருவரும் குசினிக் கதிரைகளில் இருந்து கேட்டார்கள்.

"அப்பா, ஆரும் ஒண்டும் வெட்டேல்லை. பழைய தட்டிலையும் உப்பிடித்தான் முடியுது. நான் மூண்டு தரம் கேட்டுட்டன். அம்மா பாடிக் காட்டின இடம் அதிலை எங்கையுமே இல்லை."

(இப்போது ஒரு கீறல் வரப்போகிறது. பழைய இசைத்தட்டு வரும் கதையில் ஒரு கீறல் வந்தே தீரும் என்று எனக்கும் தெரியும். அதில்லாமல் எழுத ஒரு கிழமை முயன்றேன். மழையில்லாமல் மாரிகாலத்தை எழுதுவதுபோல் இருந்தது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அன்ரனிதாஸுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. லியோனின் தட்டில் அந்தப் பாட்டின் கடைசி அடிக்குக் குறுக்கே ஒரு கீறல். ஒவ்வொரு முறையும் ஊசி அங்கே சிக்கும், லியோன் விரலால் தூக்கி அடுத்த பாட்டில் வைப்பான். அந்தப் பாட்டின் முடிவை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கீதம் எழுதும்போது முடிவு இல்லாமல் தவித்து, எஞ்சின் கொட்டிலுக்குள் எண்ணெய்க் கையோடு நின்று தானாக ஏறிப் பாடிப் பார்த்தார். நன்றாக வந்தது. வைத்துக்கொண்டார். பிறகு, களவுப் பாட்டென்று மனம் குத்தக் குத்த, அந்த இடத்தையும் களவோடு களவாகச் சேர்த்துவிட்டார்.

"அப்ப சனம் கண் மூடுற இடம்..." என்றார்.

"உங்கடை இடம்," என்றாள் மேரிறோஸ். "இன்னொண்டும் சொல்லுறன் கேளுங்கோ. சுவாமி மைக்கிலை சொன்னதுக்கு நான் திரும்பேல்லை. நீங்கள் அந்த இடத்திலை ஏறேக்கையே திரும்பீட்டன். நீங்கள்தான் பிந்திக் கண்டனீங்கள்."

அன்ரனிதாஸ் ஹெட்போனின் வயரைப் பிடுங்கினார். அன்று பின்னேரம் முழு இசைத்தட்டும் தெருவுக்குக் கேட்டது. ஒருவரும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. முன்வீட்டு நிரோஜினி மட்டும் வேலியால் எட்டிப் பார்த்து, "அங்கிள், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி விடுங்கோ" என்றாள்.

7

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்தது. பொன்னாடை போர்த்தியாயிற்று. இப்போதைய பங்குச் சுவாமி மைக்கை அன்ரனிதாஸின் கையில் கொடுத்து, "ரெண்டு வார்த்தை பேசுங்கோ" என்கிறார்.

என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன. எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார், சனம் சிரித்துக் கைதட்டுகிறது. சொல்லிவிடுகிறார், ஒருவரும் நம்பவில்லை, "என்ன தாழ்மை பாருங்கோ" என்று புகழ் இரட்டிப்பாகிறது. ஒன்றும் சொல்லாமல் நன்றி மட்டும் சொல்லி, மேரிறோசைப் பார்த்துச் சிரிக்கிறார். மூன்றையும் எழுதிக் கிழித்துவிட்டேன். இந்த மனிதருக்காக ஏற்கெனவே ஒருவர் மைக்கில் பேசி, அவர் ஐம்பது வருடம் பட்டது போதும். நானும் பேசமாட்டேன்.

உங்களுக்கு முன்வரிசையில் ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறேன், நிரோஜினிக்குப் பக்கத்தில். அவர் சொல்வதை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு நிமிடம் பொறுக்கவேண்டும். அவர் மைக்கை இறக்கிவிட்டு, "முதல்லை பாட்டைப் பாடுங்கோவன்" என்கிறார். ஆர்மோனியத்தில் வேறு யாரோ கை வைக்கிறார்கள். சனம் எழுந்து பாடுகிறது. முதலடி லண்டன்காரர்களுடையது, இரண்டாமடியும் அவர்களுடையது, நன்றாகத்தான் இருக்கிறது. கடைசி அடி வருகிறது. ஐம்பது வருடமும் வாசிக்கிற அவசரத்தில் இருந்தவர் இன்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். முந்நூறு பேர் கண்ணை மூடிக்கொண்டு மேலே ஏறுகிறார்கள். அவர் மட்டும் பாடாமல், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, தன் பாட்டைக் கேட்கிறார்.