பதினொரு மரங்கள்

தபால்காரன் காலிதீனுக்குச் சாய்ந்தமருதில் தெரியாத சந்து, ஒழுங்கை கிடையாது. பதினான்கு வருடமாக ஒரே சைக்கிளில் கடற்கரையிலிருந்து பெரிய வீதிக்கும், பெரிய வீதியிலிருந்து கடற்கரைக்குமாக மிதித்துக்கொண்டிருந்தான். யாருடைய கடிதமும் பையில் இல்லாமல் ஒரு நாளாவது சைக்கிள் ஓட்ட வேண்டும், அதுவும் கடல் கண்ணில் படாத இடத்தில், என்பது அவனுடைய ஆசை. மனைவி ஸுலைஹாவிடம் சொன்னபோது, "லீவு நாளையிலயும் சைக்கிளா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சிரிக்காமல் கேட்டவன் அபூசாலி ஒருவன்தான். சின்ன வயதில் இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து குர்ஆன் ஓதியவர்கள். அபூசாலிக்கு இப்போது சொந்தமாக உழவு மிசின் இருந்தது. விதைப்புக் காலத்தில் வயல் உழுவான். மற்ற நாட்களில் பின்னால் இழுவைப் பெட்டியைப் பூட்டி மண்ணும் கல்லும் ஏற்றுவான்.

"நாம ரெண்டு பேரும் போவம் மச்சான்," என்றான். "மேற்கால காட்டுக்குள்ள ஒரு சுத்துப் பாத இரிக்காம். குளத்துக்கட்டுல ஏறினா, சுத்திப்போட்டு அதே கட்டுலதான் வந்து இறங்குறயாம். நீ விசாரி."

அது எண்பதாம் ஆண்டின் தொடக்கம். சூறாவளி அடித்து ஒரு வருடம் கடந்திருந்தது. ஊரில் பாதி வீடுகளுக்கு இன்னும் சரியான கூரை இல்லை.

காலிதீன் விசாரித்தான். வீரமுனையிலிருந்து தேன் கொண்டுவந்து விற்கும் செல்லத்தம்பிக்குத்தான் அந்தக் காடு தெரியும் என்றார்கள். செல்லத்தம்பி இவனைவிட இரண்டு மூன்று வயது இளையவன். முதலில் தயங்கினான். பிறகு, தன் தம்பி கொழும்பிலிருந்து எழுதும் கடிதங்களை வாசல் வரைக்கும் கொண்டுவந்து தந்த தபால்காரர் ஒருவர் முன்பு இருந்தாராம், அவரை நினைத்துக்கொண்டு சம்மதித்தான். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் காலிதீனைக் கூட்டிக்கொண்டு போய், பாதையைத் துண்டு துண்டாகக் காட்டினான். குளத்துக்கட்டு, அதன் பின்னால் பழைய வண்டிப்பாதை, யானைகள் முதுகு தேய்க்கும் கல், ஓர் ஆறு, பிறகு வட்டமாகத் திரும்பி மறுபடியும் குளம். மொத்தம் பதினெட்டு மைல் கட்டை தூரம்.

கல்லுக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருந்தது. சூறாவளி மேட்டுக்காட்டை உருட்டிப் போட்டிருந்தது. அந்தப் பள்ளத்தில் மட்டும் பதினொரு முதிரை மரங்கள் கொப்புக்கூட முறியாமல் நின்றன. இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள்.

"காத்துக்கே விழாத மரம் காக்கா," என்றான் செல்லத்தம்பி. சாய்ந்தமருதில் அண்ணனைக் கூப்பிடும் சொல் அது. "இந்த இடத்த ஆருக்கிட்டயும் சொல்லிராதீங்க. உங்களுக்கு மட்டும்தான் காட்டுறன்."

"ஆருக்கிட்டயும் செல்லமாட்டன்," என்றான் காலிதீன். அன்று மாலையே அபூசாலியிடம் சொன்னான். அபூசாலியை அந்த 'ஆரு' என்ற சொல்லுக்குள் வைத்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவே இல்லை.

அதன் பிறகு இரண்டு மாதம், பின்னேரம் அசர் தொழுகை முடிந்தால் அபூசாலி வீட்டு முற்றம்தான். காலிதீன் ஒரு கொப்பியில் பாதையைப் படமாக வரைந்தான். விடியமுன் சுபஹு தொழுதுவிட்டுப் புறப்படுவது, கல்லடியில் காலைச் சாப்பாடு, ஆற்றங்கரையில் பகல் தொழுகை என்று நேரம் குறித்தான். மாற்று டியூப் இரண்டு, காற்றுப் பம்பு, யானை வந்தால் போட வெடி, புட்டும் மாசிச் சம்பலும். அபூசாலி ஒவ்வொன்றையும் அக்கறையாகக் கேட்டான். காலிதீனுக்கு அதுவே பாதிப் பயணம் போன மாதிரி இருந்தது.

"பாத எவ்வளவு அகலம்? ரெண்டு சைக்கிள் சோடியாப் போகுமா?"

"தாராளமாப் போகும். முந்தி மாட்டு வண்டி போன பாததானே."

"ஆத்துல தண்ணி?"

"ஆனி மாசத்துல முழங்காலுக்கும் வராது."

"அந்தப் பெரிய மரங்களுக்கு நம்பர் போடு மச்சான். எதுக்குக் கீழ இருந்து இளைப்பாற எண்டு அப்பதான் தெரியும்."

காலிதீன் ஒன்று முதல் பதினொன்று வரை நம்பர் போட்டான். எந்த மரம் பாதைக்குக் கிட்ட, எது தள்ளி என்பதையும் எழுதினான். "இத நான் வெச்சிப் பாடமாக்கிறன்," என்று அபூசாலி கொப்பியை வாங்கி வைத்துக்கொண்டான்.

போகும் நாள் மூன்று முறை தள்ளிப்போனது. முதலில் மிசினில் ஏதோ உடைந்தது. பிறகு மச்சினிக்குக் கல்யாணப் பேச்சு. அடுத்து காய்ச்சல். பாலைப்பழம் பழுத்து முடியும் தறுவாயில், நோன்புக்கு மூன்று கிழமை இருக்கும்போது, நான்காவது முறையாகவும் அபூசாலி, காய்ச்சல் திரும்பிவிட்டது, வர முடியாது என்று ஆள் அனுப்பினான். புட்டைக் கட்டி வைத்திருந்த ஸுலைஹா, "அவருக்காக இன்னும் எத்தின நாளைக்கிப் பாக்கப் போறீங்க? நீங்க போங்க," என்றாள். காலிதீன் வீரமுனைக்கு மிதித்துப்போய் செல்லத்தம்பியைத் துணைக்குக் கூப்பிட்டான்.

குளத்துக்கட்டு வரைக்கும் எல்லாம் அவன் வரைந்த மாதிரியே இருந்தது. வண்டிப்பாதையில் இறங்கியதும் செல்லத்தம்பி சைக்கிளை நிறுத்தினான். மண்ணில் உழவு மிசினின் பெரிய சில்லுத் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. இருவரும் தடத்தின் மேலேயே ஓட்டிப் போனார்கள்.

பள்ளத்துக்குள் வெயில் அடித்தது. அங்கே முன்பு வெயில் விழுந்ததே இல்லை. எட்டு மரங்களின் இடத்தில் அடிக்கட்டைகள் இருந்தன, வெட்டுவாய் இன்னும் ஈரமாக. இரண்டு மரங்கள் ஏற்றிப்போக ஆயத்தமாகத் துண்டு போடப்பட்டுக் கிடந்தன. பாதையிலிருந்து தள்ளி நின்ற ஒரு மரம் மட்டும் மிச்சம். அதன் பட்டையைச் செதுக்கி, தாரால் 11 என்று எழுதியிருந்தது.

காலிதீன் கிடந்த துண்டுகளைப் போய்ப் பார்த்தான். 7. 9. அவன் போட்ட அதே நம்பர். ஓர் அடிக்கட்டையில் உட்காரப் போனவன், அதில் உட்கார வெட்கப்பட்டு நிலத்திலே குந்தினான்.

"ஆருக்கிட்டச் சொன்னீங்க?" என்று கேட்டான் செல்லத்தம்பி.

"என்ட கூட்டாளி ஒருத்தன்…"

"ஒருத்தன்." செல்லத்தம்பி அந்தச் சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னான். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு தனியே போய்விட்டான். வட்டப்பாதையின் மீதிப் பாதியை அன்று யாரும் சுற்றவில்லை.

காலிதீன் நேரே அபூசாலியின் வளவுக்குப் போனான். காய்ச்சல்காரன் மிசினுக்குக் கிறீஸ் பூசிக்கொண்டிருந்தான்.

"காட்டுக்குப் போயிற்று வாறன்," என்றான் காலிதீன்.

அபூசாலியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் பூசத் தொடங்கியது. "தனியாவா போன? ஆனை நிக்கிற காடு."

"மரமெல்லாம் எங்கடா?"

"மரம் விக்கிற சின்னப்போடிட மரக்காலையில. ஊருக்குக் கூர போட மரம் வேணும் மச்சான். காட்டுல நிண்டு ஆருக்கு என்ன பிரயோசனம்? நான் ஏத்தாட்டி இன்னொருத்தன் ஏத்துவான்."

"என்ட கொப்பிய வெச்சா வெட்டின?"

"நீ ஒண்டும் பயப்பிடாத. அதுல என்ட பேர் இல்ல." சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவனுக்கே உறைத்தது போல, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு தணிந்த குரலில் பேசினான். "உனக்கும் ஒரு பங்கு தாறத்துக்கு நினச்சிரிந்த நான்."

"அப்ப பயணம்? நாள் குறிச்சது, டியூப் வாங்கினது?"

அபூசாலி சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை, பழைய கூட்டாளியின் சிரிப்புத்தான். "காட்டச் சைக்கிள்ள சுத்துறத்துக்கு எனக்கென்ன விசரா, பைத்தியமா மச்சான்?"

மரங்கள் போனதைவிட அந்த ஒரு வார்த்தைதான் காலிதீனைக் குத்தியது. வீட்டுக்கு வந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தான். கோப்பையை மூடி வைத்துவிட்டு எழுந்தான்.

மறுநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, காட்டு இலாகாக் கந்தோருக்குப் போனான். "போவாதீங்க, கொப்பியில இரிக்கிறது உங்கட கையெழுத்து," என்று ஸுலைஹா அழுதாள். அங்கே இருந்த அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "படம் கீறினது யார்?" என்று கேட்டார்.

"நான்தான்."

"அவங்களுக்காகவா?"

"இல்ல. நான் பாத்திட்டு வாறத்துக்கு."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. காலையில் போனவனைப் பின்னேரம்தான் விட்டார்கள். கிடந்த துண்டுகளைப் பறிமுதல் செய்தார்கள். மற்ற எட்டு மரங்களும் எந்தக் கூரைக்கு மேலே ஏறின என்பது யாருக்கும் தெரியவில்லை. பிடித்துக்கொண்டுபோன அபூசாலியின் மிசின் பத்து நாளில் திரும்பி வந்தது. பதினோராவது மரம் தப்பியது. ஆனால் குளத்துக்கட்டில் காவல் போட்டு, காட்டுக்குள் யாரும் போகக்கூடாது என்றார்கள். யாரும் என்றால் தேன் எடுக்கிறவனும்தான்.

அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, காலிதீன் வீரமுனைக்குப் போனான். செல்லத்தம்பி படலையைத் திறக்கவில்லை. கூலிக்கு நெல் அடிக்கப் போகத் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டிருந்தான்.

"கந்தோருல நான்தான் போய்ச் சொன்ன, செல்லத்தம்பி. மிச்சம் இருந்த ஒண்டையாவது…"

"நீங்கதான் ரெண்டு தரமும் சொன்னீங்க, தபால்காரர்," என்றான் செல்லத்தம்பி. காக்கா என்று கூப்பிடவில்லை.

நோன்பு வந்தது. பெருநாளும் வந்தது. தொழுகை முடிந்து பள்ளிவாசல் முன்றிலில் ஒருவரையொருவர் கட்டித் தழுவிக்கொண்டு நின்றார்கள். காலிதீன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, புதுச் சாரனும் அத்தர் வாசமுமாக அபூசாலி எதிரே வந்தான்.

"மனசுல ஒண்டும் வெச்சிராத மச்சான். இண்டைக்கிப் பெருநாள்," என்று சொல்லி அப்படியே அணைத்துக்கொண்டான்.

காலிதீன் தள்ளிவிடவில்லை. அவனுடைய கைகள் மட்டும் மேலே வரவில்லை. அபூசாலியின் தோளுக்கு மேலால், மெதுவாகக் கேட்டான்.

"முதல் நாள்ல இருந்தே மரத்துக்குத்தானாடா? இல்லாட்டி, இடையில ஒரு நாளாவது வாறத்துக்கு நினச்சியா?"

அபூசாலி அவன் முதுகில் இரண்டு தரம் தட்டிவிட்டு, அடுத்து நின்றவரைத் தழுவப் போனான்.