நாரைக்குத் தாயான வெள்ளைத் துணி

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: உலகத்தில் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய அளவே மிஞ்சியிருக்கும் அபூர்வ நாரை இனத்தில், இந்த விலங்குக் காட்சிசாலை இயக்குநர் அவர்களின் தொலைநோக்காலும் அயராத உழைப்பாலும், ஒரு குஞ்சு அவதரித்திருக்கிறது. காட்சிசாலை வாசலில் தொங்கிய பதாகை இப்படித்தான் சொன்னது. அதை நிதானமாகப் படித்து முடித்த டிக்கெட் கொடுப்பவர், "அப்ப முட்டை போட்டது இவருதானா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளுக்குச் சில்லறை கொடுத்தார்.

முட்டை போட்ட நாரைக்கு அந்த விஷயத்தில் அப்புறம் ஆர்வம் இல்லை. போட்ட கையோடு எழுந்து போய் மூலையில் சிறகு கோதிக்கொண்டிருந்தது. அடைகாத்தது ஒரு மின்சாரப் பெட்டி. வளர்த்தது ஒரு வெள்ளைத் துணி. துணிக்குள் இருந்தவள், பறவைகளைப் பராமரிக்கும் பெண்மணி. பணியாட்கள் வட்டாரத்தில் அவளுக்கு நாரையக்கா என்று பெயர்.

நாரைக் குஞ்சு கண் விழித்ததும் எதைப் பார்த்து வளர்கிறதோ அதையே தன் சாதிசனம் என்று நம்பிவிடும். மனித முகம் பார்த்து வளர்ந்ததைக் கொண்டுபோய்ச் சதுப்பில் விட்டால், துப்பாக்கி வைத்திருப்பவனிடமே நேராகப் போய் இரை கேட்கும். அதனால் நாரையக்கா தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டுதான் கூண்டுக்குள் போவாள். முகத்துக்கு நேரே வலைத்துணி. வலது கையில் நாரைத் தலை பொம்மை. அதன் கழுத்து அவள் கணவரின் காலுறை. மனுஷன் இன்னும் அதன் ஜோடியைத் தேடிக்கொண்டிருக்கிறார். இடது கையில் புழுத் தட்டு. பொம்மை அலகால் புழுவைக் கொத்திக் காட்டினால் குஞ்சும் கொத்தும். உள்ளே ஒரு வார்த்தை பேசக்கூடாது, தும்மக்கூடாது. எல்லாவற்றையும் தாங்கிவிடலாம், மூக்கு அரிப்பை மட்டும் தாங்க முடியாது. இரண்டு கையும் வேலையில் இருக்கும், நடுவில் மூக்கு அநாதையாகக் கிடக்கும்.

பகலெல்லாம் வாயைக் கட்டிப்போட்டவள் வீட்டுக்கு வந்ததும் மடை திறந்துவிடுவாள். சில நாள் அதுவும் மறந்துபோகும். ஒருமுறை சாப்பாட்டு மேசையில் விரல்களை அலகுபோலக் குவித்துக் கணவரின் தட்டை டொக் டொக்கென்று தட்டினாள்.

"வாயத் தொறந்து 'சாப்பிடுங்க'ன்னு சொல்லேன். நான் என்ன நாரையா?" என்றார் அவர்.

"நாரைன்னா இந்நேரம் சாப்பிட்டு முடிச்சிருக்கும்," என்றாள் மகள்.

குஞ்சு மொட்டைக் காலும் பஞ்சு உடம்புமாக அங்கியின் ஓரத்தைப் பிடித்தபடி பின்னாலேயே வரும். அவள் நின்றால் நிற்கும். குனிந்தால் குனியும். அதை ஒருநாள் சதுப்பில் விட வேண்டும், அது திரும்பிப் பார்க்காமல் பறந்துபோக வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

இயக்குநருக்கு வேண்டியிருந்தது ஒரு புகைப்படம். குஞ்சுக்குத் தம் கையால் இரை ஊட்டுகிற மாதிரி.

"முகத்தக் காட்டக்கூடாது சார். அங்கி போட்டுக்கிட்டுத்தான் போகணும்," என்றாள் பறவை மருத்துவர்.

"போட்டுக்கறேன். ஆனா உள்ள இருக்கறது நான்தான்னு ஊருக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. இதற்கு அவரே விடையும் கண்டுபிடித்தார். அங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனவர், யாரும் பார்க்காத நேரத்தில் மேசைமேல் வைக்கும் பித்தளைப் பெயர்ப்பலகையை நெஞ்சில் ஊக்கால் குத்திக்கொண்டார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஒரு நடை நடந்தார். குஞ்சும் நம்பித்தான் பின்னால் போனது. புழு ஊட்டக் குனிந்தார். பித்தளை பளபளத்தது. நாரைக்குப் பளபளப்பென்றால் விட மனசு வராது. எம்பி ஒரு கொத்து.

"ஐயையோ! கொல்லுது! யாராவது வாங்களேன்!"

வேலிக்கு இந்தப் பக்கம் நாரையக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தாயின் வயிற்றுக்குள்ளிருந்து மனிதக் குரல் வந்துவிட்டது. பொத்திப் பொத்தி வளர்த்ததெல்லாம் ஒரே அலறலில் போயிற்று.

"இனிமே மனுஷக் குரல் கேட்டா அம்மான்னு நெனச்சு ஓடி வருமோ என்னவோ," என்றாள் மருத்துவர். "சோதனை பண்ணித்தான் பாக்கணும். வந்துட்டா விட முடியாது. ஆயுசுக்கும் கூண்டுதான்."

"இங்கேயே இருந்தாத்தான் என்ன? ஜனங்களும் வந்து பாப்பாங்க," என்றார் இயக்குநர், நெஞ்சைத் தடவிக்கொண்டே.

நாரையக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் பெயர்ப்பலகையைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

சோதனை மறுவாரம். மனித உடையில், மனித முகத்தோடு, மனிதக் குரலில் கூப்பிட வேண்டும். கூப்பிடுவது நாரையக்காவாகவே இருக்கட்டும் என்றாள் மருத்துவர். "உங்க நடையும் வாசனையும் அதுக்குப் பழக்கம். உங்ககிட்டயே வரலன்னா வேற யாருகிட்டயும் வராது."

கூண்டின் கோடியில், ஆள் மறைந்து உடை மாற்ற ஒரு கோரைத் தட்டி. அதன் வாசலில் ஆணி. அங்கியை அதில் மாட்டிவிட்டு, வெறும் முகத்தோடு அவள் தட்டியை விட்டு வெளியே வந்தாள். காற்று முகத்தில் பட்டது. குஞ்சு தலையை நிமிர்த்தியது. இத்தனை நாளாக அதனிடம் சொல்ல எவ்வளவோ சேர்த்துவைத்திருந்தாள்.

"கண்ணு," என்றாள். "நான்தான்டா செல்லம். இங்க வா. யாருன்னு நெனச்ச? உனக்குப் புழு குடுத்த மகராசி நான்தான். வாடா தங்கம்."

குஞ்சு அவளை ஒரு கண்ணால் பார்த்தது. கழுத்தைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்தது. அவள் ஓரடி எடுத்துவைத்தாள். அவ்வளவுதான், விழுந்தடித்துக்கொண்டு ஓட்டம். தண்ணீர்த் தொட்டியில் இடறி, தட்டியில் மோதி, கடைசியில் ஆணியில் தொங்கிய வெற்று அங்கியின் மடிப்புக்குள் போய்ப் புகுந்துகொண்டது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு குச்சிக் கால்களும் நடுங்கின.

வேலி ஓட்டை வழியே மருத்துவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். பக்கத்து ஓட்டையில் இயக்குநரின் கண், "அன்னைக்கு என் குரலக் கேட்டு பயந்ததுலதான் புத்தி வந்துச்சு, பதாகையில போட்டுடலாம்," என்று கிசுகிசுத்தது.

நாரையக்காவுக்கு வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. வார்த்த கையே லேசாக ஒரு கிள்ளும் கிள்ளியது. பெற்ற பிள்ளை தன் முகத்தைப் பார்த்து ஓடியதற்காகச் சந்தோஷப்படுகிற ஒரே தாய் தானாகத்தான் இருப்போம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

வெளியே போய்ச் சுற்றிக்கொண்டு, தட்டியின் பின்பக்கமாக வந்து, சத்தமில்லாமல் அங்கிக்குள் நுழைந்தாள். பொம்மையில் ஒரு கை, தட்டில் ஒரு கை. காலடியில் பஞ்சு உடம்பு வெதுவெதுப்பாக அழுந்தியது. நடுக்கம் மெல்ல அடங்கியது. அவள் அசையவில்லை. பொம்மை அலகு குனிந்து குஞ்சின் முதுகைக் கோதிவிட்டது. அபூர்வ நாரை இனத்தின் எதிர்காலம் அவள் பாதத்தின்மேல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியது.

மூக்கு அரித்தது.