எலுமிச்சை வழிந்த கோடு

ஆட்டம் தொடங்குமுன் எதிரணியோடு கைகுலுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் பண்டபர்க் பக்கத்தில், புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்புகளில் மழையே வந்தாலும் இதை விடமாட்டார்கள். கையுறையோடு கை நீட்டுவது மரியாதை இல்லை. நோலீன் வலது கையுறையின் நுனியைப் பிடித்துக்கொண்டு, கழற்றவும் மனமில்லாமல் புல்தரையோரம் நின்றாள்.

எழுபது வயதில் அவளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு மெர்வ்தான் காரணம். மனைவியை இழந்தவர், போன கோடையில் கிளப்பில் சேர்ந்தவர். இன்றைய ஆட்டத்துக்கு அவளைத் துணையாகக் கேட்டிருந்தார். முடிந்ததும் மகள் வீட்டில் சாப்பாடு என்றும் சொல்லியிருந்தார். அதிலிருந்து நோலீன் தன் புறங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயுசு முழுக்க அடித்த வெயில் விட்டுப்போன பழுப்புப் புள்ளிகள். மோர் தடவினாள், உருளைக்கிழங்கை அரிந்து தேய்த்தாள், கற்றாழை பூசினாள். ஒன்றுக்கும் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் கொல்லை மரத்து எலுமிச்சையைப் பிழிந்து, முழங்கை வரை வழியத் தேய்த்துக்கொண்டு வெயிலில் துணி காயப்போடப் போனாள். அந்தச் சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்துபோகும் என்று அவளுக்குத் தெரியாது. இரண்டே நாளில் கொப்புளித்தது. இப்போது சாறு வழிந்த இடமெல்லாம் கோடு கோடாகக் கறுத்துக் கிடக்கிறது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான்.

எதிரில் நின்றது பெரில். வேறு யாராக இருந்தாலும் சமாளித்திருப்பாள். ஈஸ்டர் போட்டிக்குப் பெரில் கைப்புள்ளிகள் தெரியாமலிருக்க முகப்பூச்சைக் கையில் பூசிக்கொண்டு வந்தாள். அது பந்திலெல்லாம் ஒட்டியது. “பெரில் பந்துக்கே மேக்கப் போட்டுத்தான்டி அனுப்புறா” என்று தேநீர் மேஜையில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தவள் நோலீன். கேக்குத் தட்டோடு பெரில் பின்னாலேயே நின்றிருந்தாள்.

“கழட்டு நோலீன். நீ என்ன ராணியம்மாவா?” என்றாள் பெரில்.

கழற்றினாள். மெர்வ் பதறிப்போனார். “ஐயையோ, கையில என்ன இது?”

“மீன் பொரிச்சேன். எண்ணெய் தெறிச்சிருச்சு.”

“டாக்டர்கிட்ட காட்டினீங்களா? இந்தக் கையோட விளையாடவா வந்தீங்க?” அவர் முழுசாக நம்பிவிட்டார். அதுதான் அவளைச் சுட்டது.

பெரில் அந்தக் கையை விடாமல் மெல்லத் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டைத் தாண்டிச் சட்டைக்குள் இறங்கிய கோட்டையும் பார்த்தாள். அவள் வீட்டிலும் எலுமிச்சை மரம் உண்டு.

“எண்ணெய்னா இப்படித்தான் மெர்வ். எனக்கும் ஒரு தடவ ஆச்சு. மங்கிரும். வெயில்ல மட்டும் காட்டக் கூடாது” என்றாள் பெரில்.

நோலீனுக்கு நின்ற இடத்தில் பூமி பிளக்காதா என்றிருந்தது. நாலு பேர் முன்னால் போட்டுக் கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பதிலுக்குப் பதில் என்று மனம் ஆறியிருக்கும். அன்று அவள் உருட்டிய பந்து ஒன்றுகூடக் குறியாக வைத்த சின்ன வெள்ளைப் பந்தின் அருகே போகவில்லை. தோற்றார்கள். மெர்வ் கையைத்தான் குறை சொன்னார், அவளை இல்லை.

“மகளுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். களிம்பு எடுத்து வைக்கிறாளாம். மீனு இல்ல, ஆட்டுக்கறிதான், பயப்படாதீங்க” என்று சிரித்துவிட்டு வண்டியை எடுக்கப் போனார்.

முடிவிலும் கைகுலுக்க வேண்டும். இம்முறை நோலீன், மறுபடி மாட்டியிருந்த கையுறையைத் தானாகவே கழற்றினாள்.

“பெரில், அன்னிக்கு ஈஸ்டர்ல நான்...”

“மேக்கப் போட்டாலும் பந்து நல்லாத்தான் உருண்டுச்சு” என்றாள் பெரில். அவளுடைய கை வியர்த்து ஈரமாக இருந்தது. அழுத்திக் குலுக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

மெர்வ் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார். நோலீன் தன் கையைப் பார்த்தாள். கறுத்த கோடுகளின் மேல் பெரிலின் பூச்சு மாவு போல ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமல், கையுறையைப் பைக்குள் திணித்துக்கொண்டு, வெயிலில் வண்டியை நோக்கி நடந்தாள்.