பன்னிரண்டாவது கையெழுத்து

அந்த வார்டில் சிவப்பு பைல் வந்தால் யாரும் படிக்க மாட்டார்கள். கையெழுத்து மட்டும் போடுவார்கள். மேலிடத்துச் சுற்றறிக்கை எல்லாம் அதில்தான் வரும். கை கழுவும் முறை, செருப்பு விடும் இடம், யார் ஓய்வு பெறுகிறார்கள் என்று எதுவாகவும் இருக்கும். முதலில் ஹெட் சிஸ்டர் போடுவார். அவர் போட்ட பிறகு படித்துப் பார்ப்பது அவரையே சந்தேகப்படுகிற மாதிரி. இப்படி ஒரு சட்டத்தை யாரும் எழுதி ஒட்டவில்லை. எழுதி ஒட்டியிருந்தால் நாலு பேராவது மீறியிருப்பார்கள்.

சின்ன சிஸ்டர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இது தெரியாமல் ஒரு பக்கத்தை முழுதாகப் படித்துத் தொலைத்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நிமிர்ந்தால் அறையே பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுதா வக்கீலம்மா? நாங்க ஏமாத்தி எழுதி வாங்கிடுவோம்னு பயமா?" என்றார் ஹெட் சிஸ்டர், சிரித்துக்கொண்டேதான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது அந்தப் பேர். அதற்குப் பிறகு யாரும் அவளை டீ குடிக்கக் கூப்பிடவில்லை. அவள் உள்ளே நுழைந்தால் பேச்சு சட்டென்று வெயிலுக்கும் மழைக்கும் தாவியது. மூன்றாவது வாரம் அவளும் பைலைத் திறந்து, கடைசிப் பேரை விரலால் தேடி, அதன் கீழே கிறுக்கிவிட்டு மூடினாள். மறுநாளே டீக்குக் கூப்பிட்டார்கள். நல்ல பிள்ளை என்று பேர் வாங்குவது அவ்வளவு சுலபமாக இருந்தது.

இன்றைக்கும் மதியம் இரண்டு மணிக்கு வேலைக்கு வந்ததும் அப்படித்தான் போட்டாள். பதினொன்றாவது கையெழுத்து. மூன்று மணிக்கு மருந்து வாங்கப் போனபோது மருந்தறைக்காரர் மாத்திரை அட்டைகளை அடுக்கியபடி சொன்னார்.

"பாவம் உங்க வார்டு ஆயா. இருபது வருஷ வேலை, ஒரு பேப்பர்ல போச்சு."

"எந்தப் பேப்பர் அண்ணே?"

"நீங்க போட்டதுதாம்மா. ஏழாம் கட்டில் பெரியவர் விழுந்தாரில்ல? ஆயாதான் தடுப்புக் கம்பியை இறக்கிவிட்டு மறந்துட்டாங்க, இது எங்க எல்லாருக்கும் தெரியும்னு எழுதியிருக்கு. டைப் அடிச்சவரே சொன்னார். நாலு மணிக்கு ஆபீசுக்குப் போயிடும்."

"தெரிஞ்சுமா நீங்க போட்டீங்க?"

"எனக்கு மேல எட்டுப் பேர் போட்டிருந்தாங்க. நமக்கேன் வம்பு?"

அந்தக் கம்பியின் கொக்கி உடைந்து பத்து நாளாகிறது. அவளேதான் பேண்டேஜ் துணியால் அதைக் கட்டி வைத்தாள். அந்தத் துணி அவிழ்ந்துதான் கம்பி இறங்கியிருக்கும். கொக்கி மாற்ற வேண்டும் என்று ஆயா மூன்று தடவை ஹெட் சிஸ்டரிடம் சொன்னதை அவள் தன் காதால் கேட்டிருக்கிறாள். பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவர் மகன் ஆபீசில் சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஆபீசுக்கு ஒரு பேர் தேவைப்பட்டது. ஆயாவின் பேர் கைக்கு அருகில் இருந்தது. இந்த வேலை போனால் ஆயாவுக்கு வேறு போக்கிடம் இல்லை. சின்ன சிஸ்டருக்கோ அடுத்த மாதம்தான் வேலை நிரந்தரமாக வேண்டும்.

படிக்கட்டின் கீழே நின்று கணவனுக்குப் போன் போட்டாள்.

"உன்கிட்ட யாராவது வந்து கேட்டாங்களா? இல்லையே," என்றான் அவன். "ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் வாயைத் திறக்காத. உனக்குப் புண்ணியமாப் போகும்."

கெட்டவன் இல்லை அவன். அவன் ஆபீசிலும் இப்படி ஏதாவது ஒரு பைல் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

மூன்றரைக்கு ஹெட் சிஸ்டரின் மேஜை முன் போய் நின்றாள். "மேடம், அந்த ஏழாம் கட்டில் கொக்கி..."

"எந்தக் கொக்கி?" அவர் காய்ச்சல் அட்டையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"உடைஞ்சிருந்துச்சு மேடம். நான்தான் துணியால..."

"உன்னையும் சேர்த்துப் பதினோரு பேர் போட்டிருக்கீங்க. அத்தனை பேருக்கும் தெரியாதது உனக்கு மட்டும் தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் கோபமே இல்லை. "எப்படி வேர்க்குது பார். உடம்பு சரியில்லையா? போய் முகம் கழுவிட்டு வாம்மா."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த 'வாம்மா'வில்தான் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முகம் கழுவினாள். குழாயை மூடியது நினைவில்லாமல் திரும்பவும் திறந்தாள். மணி மூன்று நாற்பது.

வெளியே வந்தபோது நடைவழியில் ஆயா எதிரே வந்துகொண்டிருந்தாள். கையில் சிவப்பு பைல். பைலை மேஜை மேஜையாகக் கொண்டுபோவது ஆயாவின் வேலை. காலையிலிருந்து பதினோரு பேரிடமும் பைலை நீட்டி, பேனாவும் எடுத்துக் கொடுத்தது அவள்தான்.

"ஆயாம்மா, அதைக் கொஞ்சம் குடுங்க."

திறந்தாள். தன் கையெழுத்தின் கீழே பன்னிரண்டாவதாக இன்னொன்று இருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளையின் உருண்டை எழுத்து.

"நீங்களும் போட்டிருக்கீங்க. படிக்கலையா?"

"எல்லாரும் போட்டிருந்தீங்க சிஸ்டர். உங்க கையெழுத்தும் இருந்துச்சு. நீங்க படிச்சுட்டுத்தான் போடுவீங்கன்னு எல்லாரும் சொல்வாங்க. சரி, நல்ல விஷயமாத்தான் இருக்கும்னு போட்டேன்."

சின்ன சிஸ்டருக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, தாழ்ந்த குரலில், ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினாள். ஆயா யாரோ மூன்றாம் மனுஷியின் கதையைக் கேட்பதுபோல் தலையாட்டிக் கேட்டாள்.

"பதினோரு பேர் சொல்றீங்கன்னா நான்தான் இறக்கி விட்டிருப்பேன். வயசாச்சில்ல, மறந்திருப்பேன்."

"கொக்கி உடைஞ்சிருந்துச்சு ஆயாம்மா. நான் துணியைக் கட்டினேன், நீங்கதானே முடிச்சை அழுத்திப் பிடிச்சீங்க?"

"பிடிச்சேனா?" என்றாள் ஆயா. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

சின்ன சிஸ்டருக்கு அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. இன்னும் அரைமணி நேரம் பேசாமல் இருந்தால் தனக்கும் இது மறந்துபோகும் என்று தோன்றியது. ஜன்னல் விளிம்பில் பைலை வைத்துத் தன் கையெழுத்தைக் குறுக்கே அடித்தாள். பக்கத்தில், 'கொக்கி உடைந்திருந்தது. ஆயா மூன்று முறை சொன்னார். துணியால் கட்டியது நான்' என்று எழுதினாள். சிஸ்டர்கள் அறைக்குள் பேச்சு நின்றுவிட்டது அவளுக்குத் தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மூன்று முகங்கள் வரிசையாக நின்றன.

பேனாவை ஆயாவிடம் நீட்டினாள். "உங்களதையும் அடிச்சிடுங்க. அடிச்சாத்தான் உங்க வேலை நிலைக்கும்."

ஆயா பேனாவை வாங்கினாள். தாளைப் பார்த்தாள். கண்ணாடிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"இருக்கட்டும் சிஸ்டர். எல்லாரும் போட்டிருக்கப்போ நான் மட்டும் மாட்டேன்னா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

நாலு மணிக்குள் சேர்க்க வேண்டுமே என்று, பைலை மார்போடு அணைத்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் வேகமாக நடந்தாள்.